ஈயம் போனது, கம்பாசிட்டர் இருந்தார்

1990களின் நடுவில் திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகம் தன்னிடமிருந்த ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டது. எழுத்துகளை வைக்கும் அறைத் தட்டுகளான கேஸ்களை ஒவ்வொன்றாகக் கொட்டி, சாக்கில் கட்டி, தராசில் நிறுத்தி, பழைய உலோகம் வாங்குபவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அதே மாதத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிங் பிரிவில் இருந்தவர்களுக்குக் கணக்கு முடிக்கப்பட்டது. ஒருவரை மட்டும் முதலாளி அனுப்பவில்லை. அவர் அந்தப் பிரிவில் மூத்தவர் இல்லை. எழுத்துக் கோப்பதில் அவரைவிட வேகமானவர்கள் இருந்தார்கள். முதலாளிக்கு உறவும் இல்லை.

அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற அந்தக் கம்பாசிட்டருக்கு இப்போது எழுபது வயதை ஒட்டி இருக்கும். தன் பெயரும் வேண்டாம், அச்சகத்தின் பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். அவர் கதையைக் கேட்டால் தமிழ் அச்சுத் தொழில் அரை நூற்றாண்டில் எப்படியெல்லாம் புரண்டது என்பதும் தெரியும். அந்த மாற்றங்களுக்கு நடுவே ஒரு தொழிலாளி எப்படித் தவிர்க்க முடியாதவர் ஆனார் என்பதும் தெரியும்.

அவர் அச்சகத்துக்குள் நுழைந்தது 1970களின் தொடக்கத்தில், பையனாக. டீ வாங்கி வருவது, டிரெடில் அச்சு மெஷின் ஓடும்போது தாள் அடுக்குவது, அச்சாகி முடிந்த பாரத்தை (சட்டத்தில் பூட்டிய பக்கங்களை) மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பது, பிறகு அதிலுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அதனதன் அறையில் திரும்பப் போடுவது. இந்தக் கடைசி வேலையில்தான் பையன் கம்பாசிட்டராக மாறுவான். எந்த எழுத்து எந்த அறையில் என்பது கைக்குப் பழகினால்தான் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைப் பிடிக்க விடுவார்கள்.

ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இரண்டு கேஸ் போதும். தமிழின் சங்கதி வேறு. கா, கெ, கே போன்றவற்றைக் க-வோடு காலும் கொம்பும் சேர்த்துக் கோத்துவிடலாம். ஆனால் கு, கூ, சு, சூ என்று உகர, ஊகார வரிசைக்கு மட்டும் 36 தனி அச்சுகள் வேண்டும். அதன் மேல் இகர ஈகார எழுத்துகள், புள்ளி எழுத்துகள், கிரந்தம், எண்கள், இடைவெளிக்கான குவாட்கள். இத்தனை அறைகளையும் பெரியவர்கள் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. “கை தானா போகணும்டா, கேட்டா வராது” என்பதுதான் அங்கே பாடம்.

இவர் கேட்காமல் வேறொன்று செய்தார். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, ஒவ்வோர் அறையிலும் என்ன எழுத்து இருக்கிறது என்று வரைந்தார். சில வாரங்களில் அந்தப் படம் கிழிந்துபோகுமளவுக்குக் கையில் புரண்டது. அடுத்து ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தபோது புதிதாக ஒன்று வரைந்து கேஸுக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

மூத்த கம்பாசிட்டருக்குக் கோபம் வந்தது. “எல்லாத்தையும் எழுதி ஒட்டிட்டா நமக்கு யாருடா சோறு போடுவா?”

அந்தக் கேள்வியை இன்றும் அவர் குறைத்துப் பேசுவதில்லை. “அண்ணன் கேட்டதுல நியாயம் இருந்துச்சு. அந்தக் காலத்துல அவருக்கு இருந்த ஒரே சொத்து அந்த ஞாபகம்தான்” என்கிறார். ஆனால் சுவரில் ஒட்டிய தாளை முதலாளி பார்த்தார். புதிதாக வந்த பையன் முன்பு வந்தவர்களைவிடச் சீக்கிரம் எழுத்துப் பிரிக்கக் கற்றுக்கொண்டதையும் பார்த்தார். தாள் சுவரிலேயே இருந்தது. பிறகு யாருக்கு எதைக் கற்றுத்தர வேண்டியிருந்தாலும் முதலாளி இவரைத்தான் கூப்பிட்டார்.

சின்ன அச்சகங்களில் ஒரு முழுப் புத்தகத்துக்கு வேண்டிய எழுத்து இருப்பு இருக்காது. எட்டுப் பக்கமோ 16 பக்கமோ கோத்து, அச்சடித்து, பிரித்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த பாரத்துக்குப் போக முடியும். நடுவில் ஏதாவது ஓர் எழுத்து தீர்ந்துவிடும். அப்போது அதே கனமுள்ள வேறோர் எழுத்தைத் தலைகீழாகச் செருகி வைப்பார்கள். புரூஃபில் அந்த இடம் கறுப்புக் கட்டையாக விழும். எழுத்து கிடைத்ததும் எடுத்து மாற்றுவார்கள். எல்லா அச்சகத்திலும் இதுதான் நடைமுறை. யாரும் இதைப் பிரச்சினையாக நினைத்ததில்லை.

இவர் நினைத்தார். கைப்பிரதி வந்ததும் சில பக்கங்களைப் புரட்டி, அதில் எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார். முருகன் மீது ஒரு பக்திப் புத்தகம் என்றால் ‘மு’வும் ‘ரு’வும் பற்றாது. கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை என்றால் எண்கள் பற்றாது, அதிலும் பூஜ்யம் முதலில் தீரும். எழுத்து வார்க்கும் பவுண்டரியில் எடைக்குத்தான் விற்பார்கள். பாரம் தொடங்குவதற்கு முன்பே, “இது இது குறையும், இவ்வளவு வாங்கணும்” என்று ஒரு துண்டுச் சீட்டை முதலாளியின் மேஜையில் வைத்துவிடுவார். மெஷின் நின்ற பிறகு காரணம் சொல்பவர்களையே பார்த்துப் பழகிய முதலாளிக்கு, நிற்பதற்கு முன்னால் சீட்டு நீட்டிய பையன் புதிதாகத் தெரிந்தான்.

இப்படித் தானாக முன்வந்து வழி காணும் மரபே இந்தத் தொழிலுக்கு உண்டு. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு அச்சகம் தொடங்கியபோது ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை. அந்த அளவில் அச்சிட்டால் புதிய ஏற்பாட்டுக்குத் தாள் கட்டுப்படியாகாது. இன்னொரு கப்பலுக்குக் காத்திராமல், அங்கே இருந்தவர்களே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத்தைக்கூட உருக்கினார்கள் என்று அந்த அச்சகத்தின் வரலாறு சொல்கிறது. 1715இல் புத்தகம் வெளிவந்தது. தன் வேலையின் முன்னோர்கள் பற்றிய இந்தச் செய்தியை, பின்னாளில் அச்சு வரலாறு பற்றிய ஒரு நூலுக்குப் பக்கம் அமைத்தபோதுதான் இவர் படித்தார்.

அச்சகத்துக்கு அன்றாடச் சோறு போட்டது புத்தகம் இல்லை, கல்யாணப் பத்திரிகை. தை, வைகாசி, ஆவணி வந்தால் இரவு பகல் தெரியாது. ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்டுவார்கள். ஆடி மாதத்து ஓய்வில் இவர் ஒரு காரியம் செய்தார். பத்திரிகைகளில் மாறாமல் வரும் பகுதிகளை, அழைப்பு வாசகம், ‘தங்கள் நல்வரவை விரும்பும்’, முகூர்த்த வரிகளின் சட்டம் எல்லாவற்றையும், பல அளவுகளில் முன்கூட்டியே கோத்து, நூலால் கட்டி, கோத்த எழுத்தை வைக்கும் ‘கேலி’த் தட்டில் வைத்தார். ஆவணி பிறந்ததும் பெயர், தேதி, இடம் மட்டும் கோத்து நடுவே செருகினால் பத்திரிகை தயார். காலையில் கைப்பிரதி கொடுத்தவர் மாலையில் புரூஃப் பார்த்துவிட்டுப் போனார். பக்கத்துத் தெரு அச்சகங்களில் அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும்.

அதைவிட முதலாளியின் மனதில் இவரை நிறுத்தியது இன்னொரு பழக்கம். கைப்பிரதியில் எழுதியிருக்கும் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று தினசரி காலண்டரில் பார்த்த பிறகுதான் ஸ்டிக்கைக் கையில் எடுப்பார். அவருடைய வேலையில் இது சேர்த்தி இல்லை. எழுதிக் கொடுத்ததைக் கோப்பதுதான் கம்பாசிட்டரின் கடமை. தவறு இருந்தால் வாடிக்கையாளர் பொறுப்பு. ஆனால் கல்யாண வீட்டுக்காரர்கள் நூறு பதற்றத்தில் எழுதித் தருகிறார்கள். வியாழனை வெள்ளி என்று எழுதிவிடுவார்கள். அச்சாகி, ஊருக்கெல்லாம் தபாலில் போன பிறகு தெரிந்தால் யார் பொறுப்பு என்ற பேச்சே எடுபடாது. மொத்தத்தையும் மறுபடி அடிக்க வேண்டும். யார் பணம் கொடுத்தாலும் அந்த வீட்டுக்காரர் மறுபடி அந்த அச்சகத்தின் படி ஏறமாட்டார்.

இப்படி அவர் பிடித்த தவறுகள் ஊருக்குள் பேச்சாகப் பரவின. “அங்க குடுத்தா தேதி பார்த்துத்தான் அடிப்பாங்க” என்று சொல்லிக்கொண்டு புதிய வாடிக்கையாளர்கள் வந்தார்கள்.

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. பெரியாரின் ‘குடிஅரசு’ இதழ் 1935லேயே கையாளத் தொடங்கிய வடிவங்களில் 13 எழுத்துகள் அரசின் ஏற்பைப் பெற்றன. ணா, றா, னா வரிசையின் சுழித்த பழைய வடிவங்களும், லை, ளை, ணை, னை ஆகியவற்றின் துதிக்கைக் கொம்பும் போயின. இதைக் கேட்டதும் அச்சக முதலாளிகள் பலருக்கு முதலில் தோன்றியது செலவுதான். புது எழுத்து வாங்க வேண்டுமே என்று.

இவர் கேஸைப் பார்த்தார். புது எழுத்து ஒன்றுகூட வாங்க வேண்டியதில்லை. புதிய ‘ணா’ என்பது ண-வும் காலும். புதிய ‘லை’ என்பது ஐகாரக் கொம்பும் ல-வும். எல்லாம் ஏற்கெனவே அறைகளில் கிடக்கின்றன. ணொ, ணோ போன்றவை பழைய முறையிலும் கொம்போடு பழைய ணா-வைச் சேர்த்துக் கோத்தவைதான். ஆக, 13 எழுத்து மாறினாலும் கேஸில் வேலை இழந்தவை ஏழே அச்சுகள். அந்த ஏழு அறைகளும் காலியானால் அடிக்கடி தீரும் எழுத்துகளைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ள இடம் கிடைக்கும். இதை ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் காட்டியபோது அவருக்குப் பெரிய பாரம் இறங்கியது.

ஆனால் ஏழு அச்சுகளையும் இவர் தூக்கிப் போடவில்லை. அரசு சார்ந்த வேலைகளுக்குப் புதிய வடிவம் வேண்டும். கல்யாணப் பத்திரிகை அடிக்க வரும் பெரியவர்களோ பழைய வடிவத்தைத்தான் கேட்பார்கள். ஒரு தனிப் பெட்டியில் அவற்றை எடுத்து வைத்து, ஆர்டர் எழுதும்போதே ‘பழைய லை-யா, புதிய லை-யா’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பெட்டி பல ஆண்டுகள் பயன்பட்டது.

தானாக முன்வந்து செய்வதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் இந்தத் தொழில்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தது. தேதியையும் கிழமையையும் சரிபார்க்கலாம். எழுத்தாளரின் வாக்கியத்தைத் திருத்தக் கூடாது. நன்றாகத் தமிழ் தெரிந்த கம்பாசிட்டர்கள் பலர், இலக்கணப் பிழை என்று நினைத்து வட்டார வழக்கைத் திருத்திவிட்டு எழுத்தாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை அவர் நேரில் பார்த்திருக்கிறார். ஒரு கரிசல் நாட்டுக் கதையில் வரும் சொல் சென்னையில் வளர்ந்த காதுக்குப் பிழையாகத்தான் ஒலிக்கும். இவருடைய வழி எளிமையானது. சந்தேகம் வந்த இடத்தில் புரூஃபின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. முடிவு எழுத்தாளருடையது. சில எழுத்தாளர்கள் அந்தக் கேள்விக்குறிகளுக்காகவே அந்த அச்சகத்தைத் தேடி வந்தார்கள். தன் பிரதியை ஒருவர் கவனமாகப் படிக்கிறார், ஆனால் கைவைக்கவில்லை என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது.

1980களில் பெரிய பத்திரிகைகள் ஈய எழுத்தைக் கைவிடத் தொடங்கின. ஆஃப்செட் மெஷின்கள் பெருகின. கம்பாசிங் அறைகளில் இதைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் கிடைத்த பதில், “நம்ம காலத்துல வராது” என்பதுதான். இவர் சாயங்காலங்களில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்தார். முப்பது வயதைக் கடந்தவர், பள்ளி முடித்த பெண்களோடு உட்கார்ந்து தமிழ்த் தட்டச்சு லோயர் தேர்வுக்குப் படித்தார். சொந்தக் காசில்.

அந்த விசைப்பலகையே ஓர் ஊழியரின் முன்முயற்சியில் பிறந்ததுதான். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயா, சிங்கப்பூர் பகுதியில் ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பார்த்த ஆர். முத்தையா, அலுவலக வேலையினூடே தமிழுக்கு ஒரு தட்டச்சுப் பொறி வேண்டும் என்று முனைந்தார். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைகளில் அடக்குவது எப்படி என்பதுதான் சிக்கல். எழுத்தின் மேல் ஏற வேண்டிய விசிறியையும் புள்ளியையும் அடித்தால் தாள் நகராமல் அங்கேயே நிற்கும்படி சில விசைகளை அமைத்து அவர் அதைத் தீர்த்தார். அந்த நகரா விசைகளில் விரல் பழகியதுதான் பிற்பாடு இந்தக் கம்பாசிட்டரைக் கணினி முன் உட்கார வைத்தது.

அச்சகத்துக்கு முதல் கணினி வந்தபோது அதற்கென்று ஓர் ஆபரேட்டரும் வந்தார். இளைஞர், விரல்கள் பறக்கும். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளும் தெரியும். ஆனால் அச்சு தெரியாது. அன்றைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம்தான். அதனால் வரி நிறையும்போது ஆங்கில விதிப்படி தமிழ்ச் சொல்லை வெட்டி ஹைஃபன் போட்டது. கொம்பு மேல் வரியின் கடைசியிலும் அதற்குரிய மெய் கீழ் வரியின் தொடக்கத்திலும் போய் நின்றன. வெட்டாமல் விட்டாலோ, தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் வரிக்குள் பெரிய பெரிய வெள்ளை இடைவெளிகள் விழுந்தன.

கம்பாசிட்டர்கள் பலர் இதைக் கணினியின் தோல்வி என்று எடுத்துக்கொண்டார்கள். “பாத்தியா, மெஷினுக்குத் தமிழ் வராது.” இவர் ஆபரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஹைஃபன் வசதியை நிறுத்தச் சொன்னார். பிறகு, ஈய எழுத்தில் கை வழியாகவே கடைப்பிடித்து வந்த விதிகளை ஒரு தாளில் எழுதினார். வரி புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது. கொம்பும் மெய்யும் பிரியக் கூடாது. ஒரே ஓர் எழுத்தை அடுத்த வரிக்குத் தள்ளக் கூடாது. பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் தனியாக நிற்கக் கூடாது. அந்தத் தாள் கணினித் திரைக்கு மேலே ஒட்டப்பட்டது. சில மாதங்களில் ஆபரேட்டர் அவரை “சார்” என்று அழைப்பதை விட்டு “அண்ணே” என்று கூப்பிடத் தொடங்கினார். அண்ணன் பேஜ்மேக்கர் கற்றுக்கொண்டதும் அந்தத் தம்பியிடம்தான்.

ஆஃப்செட்டில் பக்கங்களை ஆஸ்ட்ரலான் என்னும் ஒளிபுகும் தாளில் ஒட்ட வேண்டும். அங்கும் பழைய அறிவு கைகொடுத்தது. 16 பக்க பாரத்தில் முதல் பக்கத்துக்கு அருகில் நிற்பது பதினாறாம் பக்கம். இரண்டுக்கு அருகில் பதினைந்து. ஒட்டுகிற பையன்களுக்கு இது குழப்பும். இவர் ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார்: முதுகுப் பக்கம் சேரும் இரண்டு எண்களைக் கூட்டினால் முதல் பாரத்தில் 17 வர வேண்டும், இரண்டாம் பாரத்தில் 49. கூட்டி வராவிட்டால் ஒட்டாதே. பக்கம் மாறிப்போய் பிளேட்டையும் தாளையும் வீணாக்குவது அந்த அச்சகத்தில் அரிதானது.

ஈயத்தை எடைக்குப் போட்ட மாதம் இவரை முதலாளி ஏன் நிறுத்திக்கொண்டார் என்பதற்கு இனி விளக்கம் தேவையில்லை. தன்னோடு வேலை பார்த்தவர்களைப் பற்றி அவர் பேசும்போது குரல் மாறுகிறது. சிலர் பைண்டிங்குக்குப் போனார்கள். சிலர் காவலாளி வேலைக்கு. ஒருவர் ஊருக்கே திரும்பிவிட்டார். “அவங்க யாரும் சோம்பேறிங்க இல்ல. என்னைவிட நல்ல கம்பாசிட்டருங்க. ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சது எல்லாம் கேஸோட நின்னுபோச்சு” என்கிறார். விற்பனையின்போது அவர் முதலாளியிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்தினார்: டிரெடில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து அடிக்க இல்லை; பில் புத்தகத்துக்கு வரிசை எண் போட, கிழிப்பதற்குத் துளைக்கோடு போட, அட்டையில் மடிப்புக்கோடு போட. முதலாளி கேட்டார். ஆஃப்செட் வேலை மந்தமான மாதங்களில் அந்த டிரெடில் வருமானம் தந்தது. அதை ஓட்டுவதற்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவரைத் திரும்ப அழைக்கவும் முடிந்தது.

பதிப்பாளர்கள் நேரே இவரைத் தேடி வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். காரணம் ஒரு சின்னக் கணக்கு. டெம்மி அளவுப் புத்தகத்தில் ஒரு முழுத் தாளின் இரு புறமும் சேர்ந்து 16 பக்கம். ஆயிரம் பிரதிக்கு ஒரு பாரத்துக்கு, கழிவு நீங்கலாக, 1000 தாள், அதாவது இரண்டு ரீம். ஒரு புத்தகம் 164 பக்கம் வந்தால் பத்து முழு பாரம் போக நான்கு பக்கம் மிஞ்சும். அந்த நான்கு பக்கத்துக்கான தாள் பெரிதில்லை. ஆனால் தனி பிளேட், தனி ஓட்டம், பைண்டிங்கில் தனியாக ஒரு துண்டைச் சேர்க்கும் வேலை எல்லாம் சேர்ந்து கையைக் கடிக்கும். இவர் கோப்பைத் திறந்து, ஓரிரு சொல்லோடு முடியும் பத்திகளின் கடைசி வரிகளை மேலே இழுத்து, அத்தியாயத் தலைப்புகளின் இடத்தைச் சற்றுக் குறைத்து, எழுத்தின் அளவில் கைவைக்காமல் 160க்குக் கொண்டுவந்துவிடுவார். சில சமயம் எதிர்த்திசையில் வேலை செய்வார். 156 பக்கம் வந்த புத்தகத்தில், மீதி நான்கு பக்கத்துக்கு உங்கள் பிற நூல்களின் பட்டியலைப் போடுங்கள் என்று பதிப்பாளரிடம் சொல்வார்.

இப்படி மிச்சமானதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வந்தார். எந்தப் புத்தகம், எத்தனை பக்கம் குறைந்தது, எத்தனை பிளேட் மிச்சம். சம்பளம் அவர் உழைப்புக்கு ஏற்ப ஏறவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறார். முதலாளி தாராளமானவர் இல்லை. கேட்டபோதெல்லாம் “பார்க்கலாம்ப்பா” என்பதே பதில். ஒருமுறை அந்த நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். அடுத்த மாதம் சம்பளம் உயர்ந்தது. தன்னிடம் வேலை கற்றவர்களுக்கு அவர் தவறாமல் சொல்லும் ஒன்று உண்டு: செய்ததை எழுதி வையுங்கள், முதலாளியின் ஞாபகத்தை நம்பி இருக்காதீர்கள்.

2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் எழுத்துருக் குழப்பம் உச்சத்துக்குப் போனது. ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு. ஒன்றில் தட்டியதை இன்னொன்றில் திறந்தால் குப்பை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு பொது விசைப்பலகை ஒன்றை, தமிழ்99ஐ, முன்வைத்தது. குறியேற்றத்துக்கும் தரம் வகுத்தார்கள். ஆனாலும் அச்சகங்களுக்கு வரும் கோப்புகள் உடனே மாறிவிடவில்லை. இலங்கையிலிருந்தும் லண்டன், டொராண்டோவிலிருந்தும் வரும் பிரதிகள் பெரும்பாலும் பாமினியில் இருக்கும். உள்ளூரில் வானவில், ஸ்ரீலிபி என்று பல.

இவர் ஒரு பட்டியல் தயாரித்தார். ‘தமிழ்’ என்ற ஒரே சொல்லை ஒவ்வோர் எழுத்துருவிலும் தட்டி, எழுத்துரு இல்லாத கணினியில் அது எந்த ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது என்று பக்கத்தில் குறித்தார். ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வரிசையாக வந்தால் அது பாமினி. கோப்போடு எழுத்துருவின் பெயரை எழுதி அனுப்ப மறந்தவர்களுக்கு வெளிநாட்டுக்குத் தொலைபேசி செய்துகொண்டிருந்த மற்ற அச்சகங்கள், சில நாளில் இவரைக் கூப்பிட்டுக் கேட்கத் தொடங்கின. அவர் பட்டியலை நகலெடுத்தே கொடுத்துவிட்டார்.

பிறகு ஒருங்குறி (யூனிகோட்) புழக்கத்துக்கு வந்தது. ஒருங்குறித் தரத்தில் 1991லேயே தமிழுக்கு இடம் இருந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றவர்கள் யாரும் பணிக்காமல் தாங்களே முனைந்து தமிழ் மென்பொருளையும் எழுத்துருக்களையும் உருவாக்கி வந்தார்கள். 2010இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது. அச்சகங்கள் மட்டும் பின்தங்கின. 2001க்குப் பிறகு புதிய பதிப்பே வராத பேஜ்மேக்கரை விட்டுப் பலர் நகரவில்லை. 2012இல் வெளியான இன்டிசைன் சிஎஸ் 6 என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருள் இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கத் தொடங்கியபோது, இவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அப்போதும் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும்போது ஒரு தொல்லை வரும். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறிக்கும் ள-வுக்கும் ஒரே வடிவம். மாற்றிய பின் ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகிக் கிடக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால்தான் அகப்படாது. எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றிவிடலாம் என்று ஓர் இளைஞர் முனைந்தபோது இவர் தடுத்தார். கெளுத்தி மீன் என்ன ஆகும் என்று கேட்டார். அங்கே இருப்பது உண்மையான ள அல்லவா? எந்தச் சொற்களை மாற்றலாம், எவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று அவர் எழுதிக்கொடுத்த பட்டியல் இன்றும் அந்த அச்சகத்தில் புழங்குகிறது. கால் குறியும் ர-வும் இடம் மாறும் இடங்கள், தமிழ் எண் ஏழும் (௭) ‘எ’வும் குழம்பும் இடங்கள் என்று அது வளர்ந்துகொண்டே போகிறது. இப்போது அதில் சேர்ப்பவர்கள் அவரிடம் வேலை கற்றவர்கள்.

தெரிந்ததையெல்லாம் எழுதி ஒட்டினால் வேலை போய்விடும் என்று பயந்த அந்த மூத்தவரின் கணக்கு எங்கே பிசகியது என்று கேட்டால், அவர் தயங்காமல் சொல்கிறார். மறைத்து வைத்த ஒரு விஷயத்தால் ஒருவர் தேவைப்படுகிறார் என்றால், அந்த விஷயம் தேவைப்படும் வரைதான் அவரும் தேவைப்படுவார். கேஸ் போனதும் கேஸின் ரகசியமும் போனது. எழுதி ஒட்டியவரிடம் அடுத்த சிக்கலைக் கொண்டு வந்தார்கள். அது தீர்ந்ததும் அதற்கடுத்ததை. அவர் ஊரில் இல்லாத வாரங்களிலும் வேலை நிற்காமல் நடந்தது. அதனாலேயே, இதுவரை பார்க்காத புதிய சிக்கல் ஒன்று வரும்போது அதை அவருக்கு ஒதுக்க முதலாளியால் முடிந்தது.

சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது முதல், தமிழ் அச்சகங்களுக்கு அதற்குத் தயாராகும் டிசம்பர் என்பது மூச்சு விட முடியாத மாதம். அந்த நெருக்கடியில் யாருக்கும் எதுவும் கற்றுத்தர முடியாது. ஆகவே அச்சகமும் பதிப்பகமும் நடத்துபவர்களிடம் அவர் கேட்பது இதுதான்: ஆடி மாதத்தில் வேலை குறைந்திருக்கும்போது, புதிதாகச் சேர்ந்த பையனையும் பெண்ணையும் கணினி முன்னாலிருந்து எழுப்பி, தினம் ஒரு மணி நேரம் பிளேட் அறையிலும் மெஷினிலும் பைண்டிங்கிலும் நிற்க விடுங்கள். அவர்கள் ஏதாவது யோசனை சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். அது காசை மிச்சப்படுத்தினால் அதில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுங்கள்.